உப்பளத் தண்ணீரில் நுண்ணங்கிகள் எதைத் தின்கின்றன? பாத்தியிலிருந்து குடுவை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வேலை முடியும்போது உங்கள் கையில் இரண்டு விடயங்கள் இருக்க வேண்டும். ஒன்று, உப்பளப் பாத்தியிலிருந்து பிரித்தெடுத்த ஒன்றிரண்டு தூய வளர்ப்புகள். மற்றது, கிளிசரோல், குளுக்கோசு, அசற்றேற்று போன்ற சேதனச் சேர்வைகளில் எவற்றை அவை உண்மையிலேயே பயன்படுத்துகின்றன என்பதற்கான நம்பத்தக்க அளவீடு. கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியாவிலோ இருக்கும் சாதாரண உயிரியல் ஆய்வுகூட வசதி இதற்குப் போதும். காலம்தான் அதிகம் வேண்டும். குறைந்தது 8 வாரம் ஒதுக்குங்கள். இந்த உயிரிகளை அவசரப்படுத்த முடியாது.

புதிதாக இறங்குபவர்களில் பெரும்பாலானோர் உணவைப் பற்றி யோசித்துக்கொண்டு உப்பை மறந்துவிடுகிறார்கள். உப்பளவு பிழைத்தால் உயிரி செத்துவிடும், பிறகு எந்த உணவைக் கொடுத்தும் பயனில்லை. அதனால் கீழுள்ள ஒழுங்கை மாற்றாதீர்கள்.

1. முதலில் விளங்க வேண்டியது

கடல்நீரில் உப்பு ஏறக்குறைய 3.5 சதவீதம். உப்பு படியும் பாத்தியில் அது 25 சதவீதத்துக்கு மேல். அங்கே உணவை உற்பத்தி செய்யும் முக்கிய உயிரி துனாலியெல்லா என்ற ஒற்றைக்கலப் பச்சை அல்கா. வெளியே உள்ள உப்பு தன் கலத்திலிருந்து நீரை இழுத்துவிடாதபடி அது உள்ளே கிளிசரோலைப் பெருமளவில் சேர்த்து வைக்கிறது. கலம் சிதையும்போதும் கசியும்போதும் அந்தக் கிளிசரோல் தண்ணீரில் கலக்கும். பாத்தியில் வாழும் மற்ற நுண்ணங்கிகளுக்கு முதற் சாப்பாடு இதுதான்.

அதைச் சாப்பிடுபவர்களில் பெரும்பான்மை ஹாலோஆர்க்கியா, அதாவது கடும் உப்பில் வாழும் ஆர்க்கியா (பற்றீரியாவிலிருந்து வேறான நுண்ணங்கிக் குலம்). பாத்தி சிவக்க முக்கிய காரணம் இவற்றின் பக்டீரியோரூபெரின் என்ற நிறப்பொருள். இவை கிளிசரோல் சேர்ப்பதில்லை. பொற்றாசியம் குளோரைட்டைக் கலத்துக்குள் நிரப்பி வெளி உப்பைச் சமன் செய்கின்றன. இதனால் அவற்றின் புரதங்கள் உப்பு இருந்தால்தான் உருக்குலையாமல் நிற்கும். உப்பு 10 சதவீதமளவுக்கு இறங்கினால் இவற்றில் பல வெடித்துவிடும்.

இவற்றோடு சலினிபக்டர் ரூபர் என்ற பற்றீரியாவும் இருக்கலாம். 2002 இல் விவரிக்கப்பட்ட இது கிளிசரோலின் ஒரு பகுதியை டைஹைட்ரொக்சிஅசற்றோனாக மாற்றி வெளியே விடும். சதுர வடிவக் கலமுள்ள ஹாலோகுவாட்ராட்டம் என்ற ஆர்க்கியா அதை எடுத்துக்கொள்ளும். ஒருவர் விட்ட மிச்சம் இன்னொருவரின் உணவு. 9ஆம், 11ஆம் படிகளில் இது திரும்ப வரும்.

2. முன்கூட்டிச் சேர்க்க வேண்டியவை

போமே நீரமானி (உவர்நீரின் அடர்த்தியைப் பாகையில் காட்டுவது), 100 மி.லீ. அளவுச்சாடி, வாய் அகன்ற பிளாத்திக்குப் போத்தல்கள், கையுறை, இறுகப் பொருந்தும் இறப்பர் சப்பாத்து. உப்பில் வெறுங்காலோடு இறங்கினால் பளிங்கு காலைக் கிழிக்கும்.

ஆய்வுகூடத்தில் வேண்டியவை: அமுக்க அடுகலன் (இல்லாவிட்டால் 15 இறாத்தல் அமுக்கம் தரும் பெரிய பிரஷர் குக்கர்), 0.2 மைக்கிரோமீற்றர் வடிகட்டிகள், 8000 மடங்கு ஈர்ப்புவரை போகும் மையநீக்கி, 600 நானோமீற்றரில் அளக்கும் நிறமாலைமானி, 37 பாகை செல்சியசில் நிற்கும் குலுக்கி, 250 மி.லீ. கூம்புக் குடுவைகள் 30 வரை.

சோடியம் குளோரைட்டு நிறைய வேண்டும். 10 லீற்றர் தாய்க் கரைசலுக்கு மட்டும் 2.4 கிலோ போகும். சாதாரண வளர்ப்புக்கு அயடீன் சேர்க்காத சுத்தமான உப்பு பரவாயில்லை. உணவுச் சோதனைக்கு மட்டும் ஆய்வுகூடத் தர உப்பையே எடுங்கள். பாத்தியிலிருந்து வாரிய உப்பின் பளிங்குக்குள் சேதனப் பொருளும் உயிருள்ள கலங்களும்கூட அடைபட்டிருக்கும். உணவே இல்லாத கட்டுப்பாட்டுக் குடுவை கலங்கி நிற்பதற்கு இதைவிடச் சாதாரணமான காரணம் கிடையாது.

3. எப்போது, எந்தப் பாத்தியில்

ஐப்பசியில் தொடங்கும் மாரி முடிந்து, வெயில் ஏறி, சோளகம் வீசும் மாதங்களே சரியான காலம். ஆனி முதல் புரட்டாதி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குப் போக வேண்டாம். மேலே நன்னீர்ப் படை நிற்கும். அதை அள்ளினால் உப்புக் குறைந்த தண்ணீரும் செத்த கலங்களுமே வரும்.

பாத்தியை நிறத்தை மட்டும் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். நீரமானியை விடுங்கள். 13 முதல் 15 பாகை போமேயில் ஜிப்சம் படியத் தொடங்கும். 25 அல்லது 26 இல் கறியுப்பு படியும். 29, 30 ஐத் தாண்டினால் மகனீசியம் மிகுந்த கைப்புநீர். உங்களுக்கு வேண்டியது 25 இலிருந்து 28 வரை. ஒப்பிட்டுப் பார்க்க 15 பாகைப் பாத்தியிலும் ஒரு மாதிரி எடுத்தால் நல்லது. அங்கே அரைகுறை உப்பை விரும்பும் பற்றீரியாக்களே அதிகம் வரும்.

நந்திக்கடல், கொக்கிளாய்க் களப்புகளின் வறண்ட விளிம்பில் உப்புப் பூத்துக் கிடப்பதைப் பார்த்து அங்கே எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எடுக்கலாம். ஆனால் அந்தத் தரை ஒவ்வொரு மாரியிலும் நன்னீரில் ஊறுவது. கடும் உப்பில் மட்டும் வாழ்பவை அங்கே குறைவாகவே கிடைக்கும். முதற் தடவைக்கு உப்பளமே மேல்.

உப்பள நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வேலையாட்கள் நடக்கும் வரம்பை விட்டு இறங்காதீர்கள். ஆனையிறவு உப்பளத்தைச் சூழ்ந்த நிலத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலை நெடுங்காலம் நடந்தது. சிவப்புப் பலகையோ நாடாவோ கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடிகூட வேண்டாம், எவ்வளவு நல்ல சிவப்புத் தண்ணீர் தெரிந்தாலும்.

4. மாதிரி எடுத்தல்

போத்தலை அந்தப் பாத்தித் தண்ணீராலேயே மூன்று முறை அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவிய ஈரத்தோடு எடுத்தால் ஓரங்களில் உள்ள கலங்கள் அந்த இடத்திலேயே வெடிக்கும். மேலே மிதக்கும் உப்புத் தகட்டை விலக்கி, ஒரு சாண் ஆழம் இருந்தால் நடுவிலிருந்து அள்ளுங்கள்.

வளர்ப்புக்கான போத்தலைப் பாதி மட்டும் நிரப்புங்கள். செறிந்த உவர்நீரில் ஒட்சிசன் மிகக் குறைவாகவே கரையும், நன்னீரில் கரைவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கழுத்துவரை நிரப்பி மூடினால் உள்ளே உள்ளவை அதை விரைவில் முடித்துவிடும்.

ஐசுப் பெட்டி தேவையில்லை. நிழலில், அறை வெப்பநிலையில் கொண்டுவந்தால் போதும். குளிரவைத்தால் சில உப்புகள் படிந்து தண்ணீரின் சேர்க்கை மாறும். வெயிலில் வானுக்குள் விட்டுவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போவதுதான் உண்மையான ஆபத்து.

அங்கேயே குறிக்க வேண்டியவை: போமே, நீரின் வெப்பநிலை, நிறம், நேரம், கடைசியாக மழை பெய்த நாள். உப்புச் செறிவைக் கடத்துதிறன்மானியில் அளந்து எழுதாதீர்கள். இந்தச் செறிவில் கடத்துதிறன் உப்போடு நேராக ஏறாது, எண் ஏமாற்றும். போமேயிலிருந்து அடர்த்தியைக் கணக்கிடலாம்: 145 ஐ, 145 இலிருந்து போமேயைக் கழித்து வரும் எண்ணால் வகுங்கள். 25 பாகைக்கு 1.208 வரும்.

5. உப்புத் தாய்க் கரைசல்

இதை ஒருமுறை சரியாகச் செய்து வைத்தால் மிச்ச வேலை முழுக்க இதிலிருந்தே நடக்கும். 1 லீற்றருக்கு: சோடியம் குளோரைட்டு 240 கிராம், ஆறு நீர் மூலக்கூறுள்ள மகனீசியம் குளோரைட்டு 30 கிராம், ஏழு நீர் மூலக்கூறுள்ள மகனீசியம் சல்பேற்று 35 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 7 கிராம். இவற்றை 800 மி.லீ. காய்ச்சி வடித்த நீரில், இளஞ்சூட்டில் கலக்கிக் கரையுங்கள்.

எல்லாம் கரைந்த பிறகே கல்சியம் குளோரைட்டு. 1 மோலார் கரைசலில் 5 மி.லீ., துளித்துளியாக, கலக்கிக்கொண்டே. ஒரே தடவையில் ஊற்றினால் சல்பேற்றோடு சேர்ந்து வெண்ணிறமாகப் படியும், பிறகு கரைவது கடினம். கடைசியாக, பீ.எச். 7.5 உள்ள 1 மோலார் திரிசுத் தாங்கல் கரைசல் 5 மி.லீ. சேர்த்து, 1 லீற்றருக்கு நிரப்புங்கள்.

மகனீசியத்தை விலைக்காக விட்டுவிடுபவர்கள் உண்டு. வெறும் கறியுப்பில் வளராத ஹாலோஆர்க்கியா பல. அவற்றின் கலச்சுவர்ப் புரதம் உருக்குலையாமலிருக்க மகனீசியம் வேண்டும். விட வேண்டாம்.

பீ.எச். மானியின் மின்வாய் இந்த உப்பில் சற்றுப் பிழையாகவே காட்டும். ஒரே மானியில், ஒரே உப்புச் செறிவில் எடுத்த எண்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

6. வளர்ப்பூடகம்

தாய்க் கரைசலை மொத்த உப்பில் 30 சதவீதம் என்று கணக்கிடுங்கள். திரவ ஊடகத்துக்கு 23 சதவீதம்: தாய்க் கரைசல் 767 மி.லீ., நீர் 200 மி.லீ., பெப்டோன் 5 கிராம், ஈஸ்ட் சாறு 1 கிராம். பீ.எச். ஐ 7.5 ஆக்கி 1 லீற்றருக்கு நிரப்புங்கள். தட்டுகளுக்கு 20 சதவீதம்: தாய்க் கரைசல் 667 மி.லீ., மற்றவை அதேபோல, ஏகார் 15 கிராம். 25 சதவீதத்துக்கு மேல் போனால் ஏகார் சரியாக இறுகாது, தட்டில் உப்பும் பூக்கும்.

ஏகார் உப்புநீரில் இலேசில் கரையாது. அமுக்க அடுகலனில் வைக்கும் முன்பே கொதிக்கவைத்து, துகள் தெரியாத அளவுக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். பிறகு 121 பாகையில் 15 நிமிடம். ஊற்றும்போது 60 பாகைக்குக் கீழே ஆறவிடாதீர்கள். நன்னீர் ஏகாரைவிட இது விரைவாக இறுகும்.

பெப்டோன் விடயத்தில் ஒரு பொறி இருக்கிறது. சில வணிகப் பெப்டோன்களில் பித்த உப்புகள் எச்சமாக இருக்கும். கோல் வடிவ ஹாலோஆர்க்கியாவின் கலத்தை அவை கரைத்துவிடும். ஊடகம் சரி, உப்புச் சரி, ஆனாலும் ஒன்றும் முளைக்கவில்லை என்றால் பெப்டோன் போத்தலைச் சந்தேகியுங்கள். பெப்டோனைக் கைவிட்டு ஈஸ்ட் சாறும் அமிலத்தால் பகுத்த கேசீனும் ஒவ்வொன்றும் 5 கிராம் போட்டுப் பாருங்கள். முளைத்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.

7. ஐதாக்கலும் தட்டில் பரப்பலும்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. நுண்ணுயிரியல் வகுப்பில் பழகிய கை தானாகவே 0.85 சதவீத உப்புநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ எடுக்கும். முதல் குழாயிலேயே உப்பு 3 சதவீதத்துக்கு வந்து கலங்கள் வெடித்துவிடும். ஐதாக்கும் ஒவ்வொரு குழாயிலும் 23 சதவீத உப்புக் கரைசலே இருக்க வேண்டும். தாய்க் கரைசல் 767 மி.லீ. ஐ நீரால் 1 லீற்றராக்கி, கிருமியழித்து, குழாய்க்கு 9 மி.லீ. ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு படியும் பாத்தியில் 1 மி.லீ. இல் 1 கோடி முதல் 10 கோடி கலங்கள் இருப்பது வழக்கம். தட்டில் முளைப்பவை அதைவிடக் குறைவு. ஆயிரத்தில், பத்தாயிரத்தில், இலட்சத்தில் ஒரு பங்கு ஐதாக்கிய மூன்றையும் தட்டுக்கு 0.1 மி.லீ. வீதம் பரப்புங்கள். குழாயியில் உவர்நீர் தண்ணீரைப்போல ஓடாது. மெதுவாக இழுத்து, மெதுவாக விடுங்கள்.

தட்டுகளைச் சிப் பைக்குள் போட்டு, உள்ளே ஈரப் பஞ்சு ஒன்று வைத்து மூடி, 37 பாகையில் தலைகீழாக வையுங்கள். மூடாமல் வைத்தால் ஒரு வாரத்தில் தட்டு காய்ந்து பளிங்காகும். சிவப்பு, இளஞ்சிவப்பு, செம்மஞ்சள் குடித்தொகுதிகள் 5 முதல் 14 நாளில் தெரியும். மூன்றாம் நாளே தட்டைக் குப்பையில் போடுபவர்கள் இழப்பது அதிகம். ஒரு தொகுதித் தட்டை 8 வாரம்வரை விட்டுவையுங்கள், பிந்தி முளைப்பவையே பாத்தியில் பெரும்பான்மையாக இருக்கக்கூடும்.

8. தூய வளர்ப்பும் அடையாளமும்

நிறமும் அளவும் வேறுபட்ட குடித்தொகுதிகளை எடுத்து மூன்று முறை மீண்டும் கீறி வளருங்கள். ஒருமுறை போதாது. இவை ஒன்றையொன்று ஒட்டி வளரும்.

கிராம் சாயமிடலை வழமைபோலச் செய்தால் கண்ணாடித்தகட்டில் சிவப்புக் குழம்பு மட்டும் மிஞ்சும், தண்ணீர் பட்டதும் கலம் போய்விடும். பூச்சைக் காற்றில் உலர்த்தி, 2 சதவீத அசற்றிக் அமிலத்தில் 5 நிமிடம் வைத்து நிலைப்படுத்துங்கள். உப்பும் அப்போதே கழுவுப்படும். பிறகு சாயமிடுங்கள்.

பற்றீரியாவா ஆர்க்கியாவா என்று ஆரம்பத்தில் பிரிக்க, ஊடகத்தில் 1 மி.லீ. க்கு 100 மைக்கிரோகிராம் அம்பிசிலின் சேர்த்த தட்டு உதவும். ஆர்க்கியாவின் சுவரில் பற்றீரியாச் சுவரிலுள்ள மியூரீன் இல்லை, அதனால் மருந்து அவற்றைத் தொடாது. இது முடிவான சாட்சி ஆகாது. மருந்துக்கு அசையாத பற்றீரியாக்களும் உண்டு. பெயர் வைக்க வேண்டுமென்றால் இனத்தை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவின் வரிசைதான் வழி.

9. உணவுச் சோதனை

இந்த வழிகாட்டியின் நடு இதுவே. நேரத்தை இங்கே செலவழியுங்கள்.

அடி ஊடகம், 1 லீற்றருக்கு: ஆய்வுகூடத் தர உப்பில் செய்த தாய்க் கரைசல் 767 மி.லீ., அமோனியம் குளோரைட்டு 0.27 கிராம், சுவட்டு மூலகக் கரைசல் 1 மி.லீ., ஈஸ்ட் சாறு 0.05 கிராம். இதை அமுக்க அடுகலனில் கிருமியழியுங்கள். ஆறிய பிறகு, தனியே கிருமியழித்த 0.5 மோலார் பொற்றாசியம் பொசுபேற்று (பீ.எச். 7.5) 2 மி.லீ., வடிகட்டிய தயமின் 0.8 மி.கி., பயோட்டின் 0.1 மி.கி. சேர்த்து, கிருமியழித்த நீரால் 1 லீற்றராக்குங்கள். பொசுபேற்றை முன்பே போட்டு வேகவைத்தால் கல்சியம், மகனீசியத்தோடு படிந்துவிடும். பிறகு வளராததற்குக் காரணம் உணவா பொசுபரசா என்று தெரியாது.

ஈஸ்ட் சாறு எதற்கு என்றால், சில இனங்களுக்குத் தாங்களே செய்யத் தெரியாத வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன. அந்தச் சிறு அளவு கட்டுப்பாட்டிலும் சேர்வதால் கணக்கு குழம்பாது.

சேர்வைகளை ஒரே நிறையில் போடாமல் ஒரே காபன் அளவில் போடுங்கள். 1 லீற்றரில் 30 மில்லிமோல் காபன் வரும்படி:

கிளிசரோல் 0.92 கிராம்
குளுக்கோசு 0.90 கிராம்
சோடியம் பைருவேற்று 1.10 கிராம்
மூன்று நீருள்ள சோடியம் அசற்றேற்று 2.04 கிராம்
ஒரு நீருள்ள சோடியம் குளுத்தமேற்று 1.12 கிராம்
கிளைசின் பீட்டேன் 0.70 கிராம்
டைஹைட்ரொக்சிஅசற்றோன் 0.90 கிராம்

எல்லாவற்றையும் செறிந்த கரைசலாகச் செய்து 0.2 மைக்கிரோமீற்றர் வடிகட்டியால் கிருமியழியுங்கள். குளுக்கோசு உப்போடும் அமினோ அமிலத்தோடும் வெந்தால் பழுப்பாகும். டைஹைட்ரொக்சிஅசற்றோன் சூட்டில் சிதையும். பைருவேற்றும் சூட்டை விரும்பாது.

அடுத்தது கலங்களைக் கழுவுதல். செழுமையான ஊடகத்தில் வளர்ந்த கலங்களை அப்படியே ஊற்றினால் பெப்டோனும் கூடவே வரும், எல்லாக் குடுவையும் வளரும், பரிசோதனை முடிந்தது. 8000 மடங்கு ஈர்ப்பில் 15 நிமிடம் மையநீக்குங்கள். உவர்நீரின் அடர்த்தி கூடியதால் கலம் மெதுவாகவே இறங்கும், நன்னீருக்குப் பழகிய வேகம் காணாது. சேர்வை எதுவும் போடாத அடி ஊடகத்தில் கலக்கி மீண்டும் சுழற்றுங்கள். இரண்டு முறை கழுவியபின் 24 மணித்தியாலம் பட்டினி போடுங்கள். சேமிப்பை அவை தின்று முடிக்கட்டும். ஹாலோபக்டீரியம் என்ற ஹாலோஆர்க்கியா வகையில் வாயுக் குமிழ் உள்ள கலங்கள் கீழே இறங்காமல் மேலே இளஞ்சிவப்புப் படையாக மிதக்கும். தெளிந்த நீர் என்று நினைத்து அதை ஊற்றிவிடாதீர்கள்.

250 மி.லீ. குடுவையில் 50 மி.லீ. ஊடகம் மட்டும். காரணம் கணக்கில் தெரியும். 30 மில்லிமோல் காபனை முழுதாக எரிக்க லீற்றருக்கு 1 கிராம் அளவில் ஒட்சிசன் வேண்டும். அந்த உவர்நீரில் எந்த நேரத்திலும் கரைந்திருப்பது சில மில்லிகிராம்தான். நிமிடத்துக்கு 120 சுற்றுக் குலுக்கலும் அகன்ற மேற்பரப்பும் இல்லாவிட்டால், உணவுக்குப் பதிலாக ஒட்சிசனையே நீங்கள் அளந்துகொண்டிருப்பீர்கள்.

தொடக்க ஒளியடர்த்தி (600 நானோமீற்றரில் கலங்கலின் அளவு) 0.03 அளவில் இருக்கட்டும். ஒவ்வொரு சேர்வைக்கும் மூன்று குடுவை. கூடவே சேர்வை இல்லாமல் கலம் மட்டும் உள்ள மூன்று, கலம் இல்லாமல் சேர்வை மட்டும் உள்ள ஒன்று. முதல் கட்டுப்பாடு மிச்ச உணவைக் காட்டும், இரண்டாவது தொற்றைக் காட்டும்.

குடுவைகளைத் தகரத் தாளால் மூடுங்கள். பக்டீரியோரொடொப்சின் உள்ள கலங்களுக்கு வெளிச்சமும் சக்தி தரும். வெளிச்சத்தில் நின்ற குடுவை குறைந்த உணவில் சமாளித்தால் உங்கள் முடிவு திரியும்.

37 பாகையில் இரண்டு வாரம் குலுக்கினால் நீர் ஆவியாகும். தொடக்கத்தில் குடுவையை நிறுத்து எழுதி, இரண்டு நாளுக்கு ஒருமுறை குறைந்த நிறையைக் கிருமியழித்த காய்ச்சி வடித்த நீரால் நிரப்புங்கள். துளித்துளியாக, சுழற்றிக்கொண்டே. உவர்நீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஒளியடர்த்தி ஏறியது வளர்ச்சியாலா ஆவியாதலாலா என்று பிறகு சொல்ல முடியாது.

வளர்ந்த குடுவையிலிருந்து நூற்றில் ஒரு பங்கை எடுத்து அதே ஊடகத்தில் மீண்டும் போடுங்கள். இரண்டாம் தடவையும் வளர்ந்தால் மட்டும் “பயன்படுத்துகிறது” என்று எழுதுங்கள். முதல் தடவை வளர்ச்சியை நான் சாட்சியாக எடுப்பதில்லை.

முடிவுகளை வாசிக்கும்போது ஹாலோபெராக்ஸ், ஹாலோஆர்க்குலா என்ற ஹாலோஆர்க்கியா வகைகள் சீனிகளிலும் கிளிசரோலிலும் நன்றாக வளரும் என்று எதிர்பார்க்கலாம். ஹாலோபக்டீரியம் சலினாரம் அமினோ அமிலங்களையே நாடும், குளுக்கோசில் அது அசையாமல் நின்றால் பரிசோதனை பிழைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. உணவு நிறைந்திருக்கும்போது சில இனங்கள் கிளிசரோலை முழுதாக எரிக்காமல் அசற்றேற்று, இலற்றேற்று, பைருவேற்றாக வெளியே விடும். பீ.எச். இறங்கி வளர்ச்சி பாதியில் நிற்பது அதனால்தான். ஒவ்வொரு அளவீட்டோடும் பீ.எச். ஐயும் எழுதுங்கள்.

10. உணவு உண்மையிலேயே குறைந்ததா?

ஒளியடர்த்தி மட்டும் போதாது. சேர்வை கரைசலிலிருந்து குறைந்ததையும் காட்ட வேண்டும்.

இரசாயன ஒட்சிசன் தேவை அளக்கும் இருகுரோமேற்றுச் சோதனையை இங்கே எடுக்காதீர்கள். கழிவுநீர் ஆய்வுகூடங்களில் எளிதாகக் கிடைப்பதால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். குளோரைட்டும் ஒட்சியேற்றப்பட்டு எண்ணைப் பெருக்கும். வழமையாகச் சேர்க்கும் இரச சல்பேற்று இந்தளவு குளோரைட்டைக் கட்டிவைக்காது.

குளுக்கோசுக்கு டி.என்.எஸ். (இருநைத்திரோசலிசிலிக் அமில) சோதனை பொருந்தும். 5 நிமிடம் கொதிக்கவைத்து 540 நானோமீற்றரில் வாசியுங்கள். சோதனைக் கரைசலில் உள்ள கடும் காரம் மகனீசியத்தை ஐதரொட்சைட்டாக வீழ்த்தி வெண்மையாகக் கலக்கலாம். அந்தக் கலங்கல் சீனி அதிகம் என்று பொய் சொல்லும். வாசிக்கும் முன் மையநீக்குங்கள். நியம வளைகோட்டையும் அதே அடி ஊடகத்திலேயே வரையுங்கள்.

கிளிசரோலுக்கு நொதியச் சோதனைப் பெட்டி நல்லது. ஆனால் நொதியம் நன்னீர் உயிரியிலிருந்து வந்தது, உப்பில் அது வேலைநிறுத்தம் செய்யும். கலங்களை முதலில் மையநீக்கி அகற்றிவிட்டு, தெளிநீரை 50 மடங்கு ஐதாக்குங்கள். இங்கே மட்டும் காய்ச்சி வடித்த நீர் பாவிக்கலாம். ஒழுங்கை மாற்றி, கலம் இருக்கும்போதே ஐதாக்கினால், வெடித்த கலங்களின் உள்ளீடு முழுக்க அளவீட்டில் சேர்ந்துவிடும்.

மாப்பொருள், கேசீன் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்குத் தட்டுச் சோதனை போதும். 0.2 சதவீத மாப்பொருள் சேர்த்த தட்டில் வளர்த்து அயடீன் ஊற்றினால் குடித்தொகுதியைச் சுற்றித் தெளிந்த வளையம் தெரியும். கேசீனுக்கு 1 சதவீத ஆடை நீக்கிய பால்மா. அதைத் தனியே கிருமியழித்துச் சேருங்கள், உப்போடு வெந்தால் திரையும்.

11. பாத்தித் தண்ணீரையே சோதித்தல்

தனி வளர்ப்பு செய்யக்கூடியதைக் காட்டும், பாத்தியில் அது செய்கிறதா என்பதைக் காட்டாது. அதற்குப் பாத்தித் தண்ணீரையே 50 மி.லீ. வீதம் குடுவைகளில் எடுத்து, கிளிசரோல் 1 மில்லிமோலார் சேர்த்து, நாலு விதமாக வையுங்கள்: ஒன்றும் சேர்க்காதது, அம்பிசிலின் சேர்த்தது, 1 லீற்றருக்கு 50 மி.கி. சோடியம் தோரோகோலேற்று சேர்த்தது, 2 சதவீத போமலின் போட்டுக் கொன்றது. தோரோகோலேற்று ஒரு பித்த உப்பு, 6ஆம் படியில் பகையாக வந்தது இங்கே கருவியாகிறது. ஹாலோஆர்க்கியாவில் பெரும்பாலானவற்றைக் கரைத்துவிட்டுப் பற்றீரியாவை விட்டுவைக்கும். தடித்த சுவருள்ள ஹாலோகொக்கசு மட்டும் தப்பும்.

இரண்டு நாளுக்கு 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்துக் கிளிசரோலை அளங்கள். தோரோகோலேற்றுக் குடுவையிலும் கிளிசரோல் குறைந்தால் பற்றீரியாவுக்கும் பங்குண்டு. டைஹைட்ரொக்சிஅசற்றோனையும் அளக்க வசதி இருந்தால் அளங்கள். ஹாலோஆர்க்கியா இல்லாத குடுவையில் அது சேர்ந்து நின்று, மற்றதில் காணாமற்போனால், யார் யாருக்குப் பரிமாறுகிறார்கள் என்பது வெளிப்படும்.

12. அடிச்சேறு

ஜிப்சம் ஓட்டுக்குக் கீழே உள்ள கறுப்புச் சேற்றில் ஒட்சிசன் இல்லை. அங்கே கதை வேறு. சீனிகளை நொதிக்கும் ஹாலனேரோபியம் வகைகள் நன்றாக வாழும். இலற்றேற்றை அசற்றேற்றுவரை மட்டும் உடைக்கும் சல்பேற்றுத் தாழ்த்திகளும் (ஒட்சிசனுக்குப் பதிலாகச் சல்பேற்றால் சுவாசிப்பவை) கடும் உப்பில் கிடைக்கும். ஆனால் அசற்றேற்றை முழுதாக எரிக்கும் சல்பேற்றுத் தாழ்த்திகளும், அசற்றேற்றிலிருந்து மெதேன் செய்பவையும் இந்தச் செறிவில் காணக் கிடைப்பதில்லை. அசற்றேற்றிலிருந்து மெதேன் செய்தால் 1 மோலுக்குக் கிடைப்பது 31 கிலோயூல் மட்டுமே. உப்பைச் சமாளிக்கக் கலத்துக்குள் சேதனக் கரையங்களைச் செய்யும் செலவை அந்த வருமானம் தாங்காது. அதனால் இந்தச் சேற்றில் அசற்றேற்றுத் தேங்கும்.

மெதேன் வருமென்றால் அது திரைமெதைலமீனிலிருந்து வரும். கிளைசின் பீட்டேன் சிதையும்போது உண்டாவது இது. சோதிக்க, 60 மி.லீ. தடித்த கண்ணாடிப் போத்தலில் சேறு 20 கிராம், அதே பாத்தியின் உவர்நீர் 20 மி.லீ. போட்டு, நைதரசனால் 10 நிமிடம் ஊதி, தடித்த இறப்பர் மூடியும் அலுமினிய வளையமும் இட்டு இறுக்குங்கள். ஒரு தொகுதிக்குத் திரைமெதைலமீன், ஒரு தொகுதிக்கு அசற்றேற்று, இரண்டும் 10 மில்லிமோலார், இன்னொரு தொகுதிக்கு ஒன்றுமில்லை. வாரம் ஒருமுறை மேல்வாயுவை வாயு நிறப்பகுப்பில் பாருங்கள். 6 வாரம்வரை பொறுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் மூடியில் குத்திய ஊசிக் குழாயின் தண்டு வெளியே தள்ளப்படும் அளவை எழுதலாம். காபனீரொட்சைட்டும் அதில் சேரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேற்றைத் திறந்த வெளியில் அல்லது புகைக்கூட்டினுள் மட்டும் கையாளுங்கள். அதிலிருந்து வரும் ஐதரசன் சல்பைட்டு முட்டை மணத்தோடு தொடங்கும், செறிவு கூடினால் மூக்கு அந்த மணத்தை அறியாமற் போகும். மணம் நின்றுவிட்டது என்பதைப் பாதுகாப்பு என்று எடுக்க வேண்டாம்.

13. வேலை முடிந்த பின்

மையநீக்கியின் சுழலியையும் பீ.எச். மின்வாயையும் அன்றைக்கே நன்னீரில் அலசித் துடையுங்கள். அலுமினியச் சுழலி ஒன்றை உப்பு தின்ன ஒரு வாரம் போதும். அமுக்க அடுகலனின் அடியில் சிந்திய உவர்நீரும் அப்படியே. வளர்ப்புக் கழிவைக் கிருமியழித்து, நிறைய நீரில் கலந்து விடுங்கள், ஆய்வுகூடத்துக்குப் பின்னாலுள்ள மரத்தடியில் கொட்டாதீர்கள். போமலின் உள்ள கழிவு தனிப் போத்தலில் போக வேண்டும்.

தூய வளர்ப்புகளை 20 சதவீதச் சாய்வு ஏகாரில் வளர்த்து, மூடியை இறுக்கி, அறை வெப்பநிலையில் இருட்டில் வைத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். இன்னும் நீண்டகாலம் வேண்டுமென்றால், வளர்ந்த திரவத்தைக் கிருமியழித்த கண்ணாடித் தட்டில் ஆவியாகவிட்டு, படியும் உப்புப் பளிங்குகளைச் சிறு குப்பியில் போட்டு மூடுங்கள். தேவைப்படும்போது ஒரு பளிங்கை எடுத்து 23 சதவீத ஊடகத்தில் கரைத்தால் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். எந்தப் பாத்தி, எந்தத் திகதி, எத்தனை போமே என்பதைக் குப்பியின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.